நிரல் ஓடும் முன்பே சுழலும் மோட்டார்: வீட்டில் ட்ரோன் செய்வோர் கவனத்திற்கு

சில மாதங்களுக்கு முன்பு, கோவையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் தாமே வடிவமைத்த சிறிய ட்ரோன் ஒன்றை என் பணிமேசைக்குக் கொண்டுவந்தார். உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. தனியாகச் சட்டகம் எதுவும் இல்லை. பச்சை நிறச் சர்க்யூட் போர்டே நான்கு கைகளாக நீண்டு, ஒவ்வொரு முனையிலும் ஒரு மோட்டாரைத் தாங்கியிருந்தது. சால்டரிங் நேர்த்தியாக இருந்தது. ஆனால் அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ட்ரோனை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் பேட்டரியைச் செருகியபோது ஒரு மோட்டார் சட்டென்று முழு வேகத்தில் சுழன்று, அதன் இறக்கை விரலைக் கிழித்திருக்கிறது. "புரோகிராமே இன்னும் ஏத்தலை சார், எப்படிச் சுத்துச்சுன்னே தெரியலை" என்றார்.

நிரல் ஏற்றாததால்தான் அது சுழன்றது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்யூட் போர்டு வடிவமைப்பதையே தொழிலாகக் கொண்டிருக்கிறேன். மாணவர்களின் ட்ரோன் பலகைகளில் நான் மீண்டும் மீண்டும் காணும் பிழை இதுதான். பறக்கவைக்கும் நிரலைப் பற்றி அவர்கள் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். அந்த நிரல் பொறுப்பில் இல்லாத நேரத்தில் தங்கள் பலகை என்ன செய்யும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

இத்தகைய சிறு ட்ரோன்களில் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு மாஸ்ஃபெட் ஸ்விட்சாக இருக்கும். ஏஓ3400 போன்ற மிகச் சிறிய மாஸ்ஃபெட்களைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். மாஸ்ஃபெட்டுக்குக் கட்டளை தரும் முனையான கேட் மின்னோட்டத்தை உறிஞ்சுவதில்லை, மின்னேற்றத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும் ஒரு சிறு கெப்பாசிட்டரைப் போல நடந்துகொள்கிறது. நிரலை இயக்கும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலர் விழித்தெழும் கணத்தில் அதன் முனைகள் எந்தப் பக்கமும் இழுக்கப்படாமல் அந்தரத்தில் இருக்கும். அப்போது அருகில் இருக்கும் விரலோ, பேட்டரி இணைப்பில் எழும் சிறு மின்துடிப்போகூட கேட்டை உயர்த்திவிடப் போதுமானது. கேட்டிலிருந்து தரை (கிரவுண்ட்) முனைக்கு ஒரு 10 கிலோ ஓம் மின்தடை இருந்தால், வேறு யாரும் கட்டளையிடாத வரை மாஸ்ஃபெட் அணைந்தே இருக்கும். அந்த மாணவரின் பலகையில் நான்கு மாஸ்ஃபெட்களுக்கும் அந்த மின்தடை இல்லை. ஒன்றின் விலை ஒரு ரூபாய்க்கும் குறைவு.

ஈஎஸ்பி32 என்ற வைஃபை வசதியுள்ள மைக்ரோகன்ட்ரோலரைப் பயன்படுத்துவோருக்கு இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. அந்த சிப்பின் 5, 14, 15 ஆகிய முனைகள் தொடக்க நிலையில் சில கணங்கள் தாமாகவே மின்துடிப்புகளை வெளிவிடும். சிப்பே வெளிவிடும் துடிப்பை 10 கிலோ ஓம் மின்தடையால் தடுத்துவிட முடியாது. 12ஆம் முனையோ, தொடக்கத்தில் உயர்நிலையில் இருந்துவிட்டால் நினைவகத்தின் மின்னழுத்தத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்து, சிப்பை இயங்கவிடாமலே செய்துவிடும். ஆகவே மோட்டார்களுக்கு 25, 26, 27, 33 போன்ற அமைதியான முனைகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மாணவரின் பலகையில் அன்று சுழன்ற மோட்டார் 14ஆம் முனையில்தான் இணைக்கப்பட்டிருந்தது.

மாஸ்ஃபெட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் அணையும் ஒவ்வொரு முறையும் அதன் சுருளில் இருந்து எதிர் மின்னழுத்தம் பாயும்; அதை வாங்கிக்கொள்ள மோட்டாருக்குக் குறுக்கே, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஷாட்கி டையோடு ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மாஸ்ஃபெட் என்றாவது ஒருநாள் பழுதாகும். பழுதான மாஸ்ஃபெட் பெரும்பாலும் திறந்துகொள்வதில்லை, மின்னோட்டம் பாயும்படி மூடிய நிலையில் உறைந்துவிடுகிறது. அதன்பின் எந்த நிரலாலும் அந்த மோட்டாரை நிறுத்த முடியாது. பேட்டரியைப் பிடுங்கினால்தான் நிற்கும்.

பலகையையே உடலாகக் கொண்டு ட்ரோன் செய்வது புதிய எண்ணம் அன்று. சுவீடனைச் சேர்ந்த பிட்கிரேஸ் நிறுவனத்தின் கிரேஸிஃபிளை இதற்குச் சிறந்த முன்மாதிரி. 27 கிராம் எடையும் 9 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீள அகலமும் கொண்ட அந்த ட்ரோன், 240 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறத்தாழ 7 நிமிடம் பறக்கும். அதன் மின்சுற்று வரைபடம் முழுவதும் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. ஈஎஸ்பி சிப்புகளைத் தயாரிக்கும் எஸ்பிரெசிஃப் நிறுவனம் அதைத் தழுவி ஈஎஸ்பி-ட்ரோன் என்ற திட்டத்தையும் வெளியிட்டிருக்கிறது. முதல் பலகையை வரையத் தொடங்கும் எவரும் இந்த இரு வரைபடங்களையும் ஒரு வாரம் பொறுமையாகப் படித்தால், நான் இங்கே எழுதுவதில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

எடைக் கணக்கை முதலிலேயே போட்டுவிட வேண்டும். சர்க்யூட் போர்டுக்குப் பயன்படும் கண்ணாடி இழைப் பலகை ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.85 கிராம் எடை கொண்டது. வழக்கமான 1.6 மில்லிமீட்டர் தடிமனில் 10 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்று கிட்டத்தட்ட 30 கிராம் வந்துவிடும். அதாவது ஒரு முழு கிரேஸிஃபிளையைவிட அதிகம். கைகளுக்கு இடையே உள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, தடிமனை 1.0 மில்லிமீட்டராகக் குறைத்தால் எடை பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் கை மெலிந்தால் அது அதிரும். அதிர்வு நடுவில் இருக்கும் எம்பியு6050 போன்ற சமநிலை உணரியைக் குழப்பும். மோட்டார்களின் மொத்த உந்துவிசை ட்ரோனின் எடையைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பது நான் பின்பற்றும் அளவு. விற்பவர் தரும் எண்ணை நம்பாமல், காற்றை மேல்நோக்கித் தள்ளும்படி மோட்டாரைச் சமையலறைத் தராசின் மேல் உறுதியாகப் பொருத்திப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

எடையைக் குறைக்கும் ஆர்வத்தில் செப்புத் தடங்களையும் மெல்லியதாக்கிவிடுபவர்கள் பலர். வழக்கமான பலகையில் செப்பின் தடிமன் 35 மைக்ரான்தான். அதில் அரை மில்லிமீட்டர் அகலத்தில் 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு தடம் போட்டால் அதன் மின்தடை ஏறத்தாழ 50 மில்லி ஓம். காகிதத்தில் இது ஒன்றுமில்லாததாகத் தெரியும். ஆனால் 8.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள மோட்டார்கள் நான்கும் தலா 2 ஆம்பியர் இழுக்கும்போது, பேட்டரியிலிருந்து வரும் முதன்மைத் தடத்தில் 8 ஆம்பியர் பாய்கிறது. அந்த மெல்லிய தடத்திலேயே 0.4 வோல்ட் தொலைந்து, 3 வாட்டுக்கும் மேல் வெப்பமாகிறது. சால்டரிங் அயர்ன் வைக்காமலேயே கருகிய பலகைகளை இப்படித்தான் பார்த்திருக்கிறேன். முதன்மை மின்வழிக்கும் தரைக்கும் தடம் போடாமல், பலகையின் இரு பக்கமும் செப்புப் பரப்பையே நிரப்பிவிடுங்கள். ஈஎஸ்பி தொகுதியின் ஆன்டெனாவுக்குக் கீழே மட்டும் செப்பே இருக்கக் கூடாது. அந்தப் பகுதி பலகையின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பது மேல்.

நடுவானில் திடீரென்று உயிரிழந்து விழும் ட்ரோன்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், பேட்டரியின் மாறும் மின்னழுத்தத்தைச் சிப்புக்கு ஏற்ற நிலையான அளவாக்கித் தரும் மின்னழுத்தச் சீராக்கி. கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதால் ஏஎம்எஸ்1117 என்ற சிப்பைப் போட்டுவிடுகிறார்கள். 3.3 வோல்ட் தருவதற்கு அதன் உள்ளீடு வெளியீட்டைவிட ஏறத்தாழ 1 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். ஒற்றைச் செல் லித்தியம் பாலிமர் பேட்டரியோ முழுதாக ஏறியபோதே 4.2 வோல்ட்தான்; வழக்கமான நிலையில் 3.7. மோட்டார்கள் ஒருசேர இழுக்கும்போது 3.5க்கும் கீழே சரியும். அப்போது ஈஎஸ்பி32க்குக் கிடைப்பது 2.5 வோல்ட், அதற்குக் குறைந்தபட்சம் தேவையானதோ 3.0. அது தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும், ட்ரோன் கல்லாக விழும். மேசையில் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது. மிகக் குறைந்த இழப்பில் இயங்கும் ஏபி2112 வகைச் சீராக்கியைப் பொருத்தி, அதன் வெளியீட்டில் தாராளமாகக் கெப்பாசிட்டர் வைத்தால் போதும்.

பேட்டரியைப் பற்றி நான் எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை, ஏனெனில் மற்ற பிழைகள் ட்ரோனைக் கெடுக்கும், இந்தப் பிழை வீட்டைக் கெடுக்கும். டிபி4056 என்ற சார்ஜிங் சிப் இன்று எல்லோர் பெட்டியிலும் இருக்கிறது. அது எவ்வளவு மின்னோட்டம் தர வேண்டும் என்பதை ஒரே ஒரு மின்தடைதான் தீர்மானிக்கிறது: 1200ஐ அந்த மின்தடையின் கிலோ ஓம் மதிப்பால் வகுத்தால் மில்லி ஆம்பியர் கிடைக்கும். ஆயத்தமாக விற்கப்படும் தொகுதிகளில் 1.2 கிலோ ஓம் பொருத்தப்பட்டிருப்பதால் அவை 1 ஆம்பியர் தருகின்றன. 250 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு அது நான்கு மடங்கு அதிகம். செல் சூடாகி, உப்பி, ஒருநாள் தீப்பிடிக்கும் வழி அது. 600 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு 2 கிலோ ஓமும் 300க்கு 4 கிலோ ஓமும் போடுங்கள். அந்தச் சிறு மின்தடையை மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அதே தொகுதியில் இருக்கும் பாதுகாப்பு சிப்பை நம்பிவிடவும் கூடாது. டிடபிள்யு01 வகைச் சிப் செல்லைத் துண்டிப்பது 2.4 வோல்ட்டில், அதற்குள் செல்லுக்குக் கேடு நேர்ந்துவிடும். மோட்டார்களின் மின்னோட்டத்தை அதன் வழியே அனுப்பினால், திடீர் இழுப்பைக் குறுக்குச்சுற்று என்று கருதிப் பறக்கும்போதே மின்சாரத்தை வெட்டிவிடவும் கூடும். எனவே செல்லின் மின்னழுத்தத்தை இரண்டு 100 கிலோ ஓம் மின்தடைகளால் பாதியாக்கி நிரலே அளந்து, 3.3 வோல்ட்டில் தரையிறக்க வேண்டும். இதற்கு ஈஎஸ்பி32இன் 32 முதல் 39 வரையிலான முனைகளில் ஒன்றையே பயன்படுத்துங்கள்; வைஃபை இயங்கும்போது மற்ற முனைகளின் அளவீடு வேலை செய்யாது. பேட்டரி இணைப்பியில் சிவப்புக் கம்பி எந்தப் பக்கம் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. புதிய பேட்டரி வாங்கும் ஒவ்வொரு முறையும் மல்டிமீட்டரில் பார்த்தபிறகே செருக வேண்டும். சார்ஜ் ஏறும்போது தரை ஓட்டின் மீதோ மண்சட்டியிலோ வையுங்கள். மெத்தையின் மீது வைத்துவிட்டு உறங்கப் போகாதீர்கள். உப்பிய செல்லைக் குத்திப் பார்க்கவோ குப்பைத் தொட்டியில் போடவோ வேண்டாம், மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.

பலகை கைக்கு வந்தவுடன் பேட்டரியைச் செருகாமல், மின்னோட்ட வரம்புள்ள மின்வழங்கியில் 200 மில்லி ஆம்பியர் வரம்பு வைத்து, மோட்டார் இல்லாமல் முதலில் உயிரூட்டுங்கள். வைஃபையை இயக்கும்போது மட்டும் வரம்பை 500க்கு உயர்த்தலாம். கட்டளை அரை விநாடி வராவிட்டாலும், ட்ரோன் 60 பாகைக்கு மேல் சாய்ந்தாலும் மோட்டார்கள் நிற்குமாறு நிரல் எழுதுங்கள். இறக்கைகளைக் கடைசியில்தான் பொருத்த வேண்டும்.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையிலானவை நானோ வகை. வீட்டில் செய்யும் இந்தச் சிறு ட்ரோன்கள் அதில் அடங்கும். அவற்றை இயக்க விமானி சான்றிதழ் தேவையில்லை, ட்ரோனின் வடிவமைப்புக்கான வகைச் சான்றிதழும் தேவையில்லை. ஆனால் எடை குறைவு என்பது எங்கும் பறக்கலாம் என்ற உரிமத்தைத் தருவதில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் சிவப்பாகக் குறித்த இடங்களில் ஒன்றிய அரசின் அனுமதி இல்லாமல் பறக்க முடியாது. பச்சை மண்டலத்திலும் 400 அடிதான் உச்சம். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கவும் முடியும். திருவிழாவோ முக்கியப் பிரமுகரின் வருகையோ இருக்கும் நாளில் மொட்டை மாடியில் சோதித்துப் பார்க்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள். விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அந்த மாணவர் ஆறு வாரம் கழித்து இரண்டாவது பலகையுடன் வந்தார். நான்கு கேட்களிலும் 10 கிலோ ஓம் மின்தடைகள், மோட்டார்கள் புதிய முனைகளில், நடுவில் அகலமான செப்புப் பரப்பு. இறக்கைகளைக் கழற்றிவைத்திருந்தார். நிரல் ஏற்றாத அந்தப் பலகையில் பேட்டரியைச் செருகச் சொன்னேன். செருகினார், மீட்டமைப்புப் பொத்தானைப் பலமுறை அழுத்தினார், ஒவ்வொரு கேட்டாகத் தொட்டும் பார்த்தார். நான்கு மோட்டார்களும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் மடிக்கணினியைத் திறந்து நிரலை ஏற்றத் தொடங்கினோம்.