மூன்று மணிக்கு வரும் மதியச் சாப்பாடு

பேங்க் ஹாலிடே (பொது விடுமுறைத் திங்கள்) முடிந்து செவ்வாய்க்கிழமை கிளினிக் திறந்ததும், சர்க்கரை உள்ளவர்களிடம் நான் முதலில் கேட்பது, "நேற்று எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?" என்றுதான். பாயசத்தைப் பற்றிக் கேட்பேன் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.

லண்டனில் ஒரு ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கிளினிக்கில் மருந்தாளராக இருக்கிறேன். எங்கள் பகுதியில் தமிழர்கள் அதிகம். விருந்து என்றாலே சர்க்கரை ஏறிவிடுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். ஒருநாள் ஏறினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். தாழ்ந்து போனால் அரை மணி நேரம்கூடப் பொறுக்க முடியாது. விடுமுறை நாள் விருந்தில் தாழ்ந்து போவதற்கான எல்லா வழியும் திறந்திருக்கிறது.

ஆகஸ்ட் கடைசித் திங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டரைக்கு வரச் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் வந்து சேர ஒன்றரை ஆகிவிடும். தோட்டத்தில் பார்பிக்யூ அடுப்புக் கரி பிடிக்க ஒரு நேரம், குழந்தைகளுக்கு முதலில் கொடுக்க ஒரு நேரம். பேச்சு சுவாரசியமாகப் போகும். பெரியவர்கள் தட்டை எடுக்கும்போது மணி மூன்று. வேலை நாளில் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுப் பழகிய உடம்பு அது. காலையில் போட்ட மாத்திரைக்கு இன்றைக்கு லீவு என்று தெரியாது.

சாப்பாடு தாமதமானால் எல்லா மாத்திரையும் சர்க்கரையைத் தாழ்த்திவிடுவதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிக்லசைடு, கிளிமிபிரைடு வேறு வகை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். காலை, இரவு என்று இரண்டு வேளை போடும் கலப்பு இன்சுலினும் அப்படித்தான். எட்டு மணிக்குப் போட்ட ஊசி நண்பகலில் இருந்து மாலை வரை வேகமாக வேலை செய்யும். அந்த நேரத்தில் வயிறு காலியாக இருக்கக் கூடாது.

எனக்கு மிகவும் கவலை, கோடைக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாக்களைப் பற்றி. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகத்தான் உட்காருவார்கள். "நீங்க முதல்ல சாப்பிடுங்க, எனக்குப் பசிக்கலை" என்பார்கள். மற்றவர் வீட்டில் முந்திச் சாப்பிடக் கூச்சம் வேறு. அவர்கள் கையில் இருக்கும் மாத்திரை அட்டையில் பெரும்பாலும் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தே இருக்கும். சில அட்டையில் வோக்லிபோஸ் என்ற மூன்றாவதும் இருக்கும். இங்கே பழக்கத்தில் இல்லாத மருந்து அது. உணவில் உள்ள சீனி உடைவதைத் தாமதப்படுத்தும். அதனால் அந்த மாத்திரை எடுத்தவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் சீனியோ லட்டோ கொடுத்துப் பயனில்லை, நேரடியான குளுக்கோஸ் மாத்திரைதான் வேண்டும். இதைப் பல குடும்பங்கள் அறியாமலே இருக்கின்றன. புரியாத அட்டையாக இருந்தால் ஒரு போட்டோ எடுத்துப் பக்கத்து மருந்தகத்தில் காட்டுங்கள், சொல்லிவிடுவார்கள்.

அறிகுறி எப்படி இருக்கும்? கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி. வயதானவர்களிடம் இவை தெளிவாகத் தெரியாது. பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், நாற்காலியிலேயே கண் சொக்கும். பயணக் களைப்பு என்று சால்வை போர்த்திவிடுகிறோம். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் போன்ற மருந்து எடுப்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகும், வியர்வை மட்டும் நிற்காது. சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள். ஊர் மீட்டர் 65 என்று காட்டும், இங்குள்ள மீட்டர் அதையே 3.6 என்று காட்டும். 18-ஆல் வகுத்தால் கணக்கு சரியாகிவிடும். 4-க்குக் கீழே, அதாவது ஊர்க் கணக்கில் 72-க்குக் கீழே போனால் காத்திருக்கவே கூடாது.

உடனே 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் வேண்டும். குளுக்கோஸ் மாத்திரை என்றால் நான்கைந்து. வோக்லிபோஸ் எடுக்காதவர் என்றால் 150 முதல் 200 மில்லி பழச்சாறும் போதும். லூகோசேடு என்ற குளுக்கோஸ் பானத்தை நம்பியே இருப்பவர்கள் கவனிக்கவும்: 2017-இல் அதில் சர்க்கரையை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள், பழைய அளவு இப்போது போதாது. குலாப் ஜாமூன், சாக்லேட் எல்லாம் வேண்டாம். அவற்றில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. ஏறியதும் சோறோ ரொட்டியோ கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு எடுத்தவருக்கு ஒருமுறை ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி தாழலாம், இரவிலும்கூட. அவரைத் தனியாக விட வேண்டாம், 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணில் கேளுங்கள்.

விருந்து வைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அழைக்கும்போதே எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று சொல்லிவிடுங்கள். தாமதமாகிறது என்றால் ஒரு மணிக்கே நாலு இட்லியோ ஒரு சாண்ட்விச்சோ தட்டில் வைத்து, "அம்மா, நீங்க மாத்திரை போட்டிருக்கீங்க, முதல்ல இதைச் சாப்பிடுங்க" என்று கையில் கொடுங்கள். வீட்டுக்காரரே கொடுத்தால் யாரும் மறுப்பதில்லை. மருந்தின் அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள், விருந்துக்கு முன்பே எங்களிடம் கேளுங்கள்.

வெறும் வயிற்றில் பீரோ ஒயினோ குடிப்பது இன்னொரு சிக்கல். கல்லீரல் அதைக் கவனிக்கப் போய்விடும், சேமித்த சர்க்கரையை வெளியே விடாது. வீடு திரும்ப வண்டி எடுப்பவர் இன்சுலின் போடுபவராக இருந்தால், கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் சாவியை எடுக்கலாம். 4-க்குக் கீழே போயிருந்தால், சரியான பிறகும் 45 நிமிடம் வண்டி ஓட்டக் கூடாது. ஓட்டத் தெரிந்த வேறொருவர் இருந்தால் அவரிடம் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.