மடவை ஓட்டத்தில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு

ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் முடியும்வரை மடவைக் கூட்டங்கள் கரையை ஒட்டித் தெற்கே ஓடும். செப்டம்பரில் உச்சம். பகல் குறைந்து, வாடைக்காற்று முதல்முறை அடித்து, கழித் தண்ணீரின் சூடு கொஞ்சம் இறங்கியதும் விரல் நீளக் குஞ்சுகள் மாஸ்கிட்டோ லகூன், இந்தியன் ரிவர் லகூன் போன்ற உப்பங்கழிகளிலிருந்து முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு இறங்கும். ஸ்னூக், டார்ப்பன், பாரை, சுறா எல்லாம் அவற்றைத் துரத்திக்கொண்டு வரும். மேலே கூழைக்கடாவும் விரால் அடிப்பானும் வட்டமிடும்.

இந்தச் சில வாரங்களில் வழிகாட்டிப் படகில் ஏறினால், தூண்டிலைத் தொட்டே பார்க்காதவருக்கும் மீன் மாட்டும். கவலை அங்கேதான் தொடங்குகிறது. மாட்டும் மீனில் பெரும்பாலானதைச் சட்டப்படி திரும்ப விட்டாக வேண்டும். கையிலிருந்து நழுவி ஆழத்துக்குள் போனதுமே மீன் பிழைத்துவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் ஓய்ந்துபோன மீன் கொஞ்ச தூரம் போய் அடியில் சாயும், இல்லாவிட்டால் சுறா வாயில் போகும். செப்டம்பரில் தண்ணீர் 28, 29 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சூடான தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைவு, ஆனால் அதே சூட்டில் மீனுக்குத் தேவை அதிகம். எனவே கம்பு, நரம்பு (தூண்டில் நூல்), முள் (கொக்கி), இரை, போகும் நேரம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் தேர்ந்தெடுங்கள்: மீன் முள்ளில் இருக்கும் நேரம் குறைய வேண்டும்.

முதலில் சட்டம். ஸ்னூக் மீனுக்கு அட்லாண்டிக் கரையில் இலையுதிர் காலப் பருவம் செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 14 வரை. நீளம் 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 32-க்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும்; ஒருவருக்கு நாளுக்கு ஒன்றுதான். மேல் வரம்பு ஏன் என்று பலர் கேட்பார்கள். ஸ்னூக் ஆணாகத் தொடங்கி வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன், நம் ஊர்க் கொடுவா போலவே. 32 அங்குலத்தைத் தாண்டிய பெரிய மீன்களில் பெரும்பாலானவை முட்டையிடும் தாய்கள். அளக்கும்போது மீனைப் பலகையில் படுக்கவைத்து, வாயை மூடி, வால் நுனிகளை ஒன்றாகக் கிள்ளிப் பிடித்து அளக்க வேண்டும். வால் விரிந்திருந்தால் அளவு குறைத்துக் காட்டும். 32-ஐத் தாண்டிய மீன் அளவுக்குள் இருப்பதுபோலத் தெரிந்துவிடும்.

இந்தியன் ரிவர் லகூனில் ரெட் டிரம் மீனை 2022 செப்டம்பரிலிருந்து வைத்துக்கொள்ளவே முடியாது, பிடித்து விடத்தான் வேண்டும். 2011-இல் வந்த பாசிப் பெருக்கத்திலிருந்து அந்தக் கழியில் கடற்புல் ஏராளமாக அழிந்தது, மீன்களும் அதில் அடிபட்டன. டார்ப்பன் 40 அங்குலத்துக்கு மேல் இருந்தால் தண்ணீரை விட்டுத் தூக்கவே கூடாது. படம் வேண்டுமென்றால் படகோரம் குனிந்து எடுங்கள். விதிகள் மாறும், ஆகவே கிளம்பும் வாரத்தில் ஃப்ளோரிடா மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையத்தின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். உரிமம் பெற்ற வாடகைப் படகில் போகிறவருக்குத் தனி மீன்பிடி உரிமம் தேவையில்லை, படகின் உரிமமே போதும். ஓட்டுபவரிடம் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கேப்டன் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். சிறிய படகு ஓட்டும் வழிகாட்டிகளின் வழக்கமான உரிமத்தில் பணம் கொடுத்து வரும் பயணிகள் 6 பேருக்கு மேல் ஏற முடியாது.

இனி இரை. மடவை பாசியும் சேற்றிலுள்ள கசடும் தின்னும் மீன். முள்ளில் வைத்த இரையைத் தேடி அது பெரும்பாலும் வராது, ஆகவே வீச்சு வலைதான் வழி. 3 முதல் 5 அங்குலக் குஞ்சுக்கு எட்டில் மூன்று (3/8) அங்குல வலைக்கண் சரி. கண் அதைவிடப் பெரிதாக இருந்தால் குஞ்சு பாதி நுழைந்து செவுளில் மாட்டும். ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுப்பதற்குள் பாதி செத்துவிடும், மீதி செதில் உதிர்ந்து அரை நாளும் தாங்காது. கூட்டத்தின் நடுவில் வலையை வீசாதீர்கள். கூட்டம் சிதறி ஆழத்துக்குப் போய்விடும். கூட்டம் போகும் திசையைப் பார்த்து, அதன் முன்முனையில் ஓர் ஓரமாக வீசினால் அடுத்த வீச்சுக்கும் கூட்டம் கிடைக்கும்.

பிடித்த குஞ்சுகளை இரைத்தொட்டியில் எத்தனை போடலாம் என்பதில்தான் பெரும்பாலோர் தவறுவது. 30 கேலன் தொட்டி, அதாவது சுமார் 113 லிட்டர் என்றால், விரல் மடவை மூன்று டசனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வட்டத் தொட்டி நல்லது, மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே குவிந்து மூக்கை உரசிக்கொள்ளும். தண்ணீர் மேலே வெள்ளை நுரை கட்டினால் கூட்டம் அதிகம், மேலுடம்பின் வழுவழுப்பு கழன்று கரைகிறது என்று பொருள். உடனே பாதியை வெளியே விட்டு, பம்பை ஓட்டித் தண்ணீரை மாற்றுங்கள். மூக்குச் சிவந்த குஞ்சையும் பக்கவாட்டில் செதில் போன குஞ்சையும் முதலில் முள்ளில் ஏற்றுங்கள், அவை மதியம் வரை இராது. செத்ததைத் தொட்டியில் விட்டுவைத்தால் மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போகும்.

இரை துடிப்பாக இருந்தால் ஸ்னூக் தயங்காமல் சட்டென்று அடிக்கும். துவண்ட இரையை அது முகர்ந்து பார்த்து, தயங்கி, பிறகு விழுங்கும். முள் தொண்டைக்குள் போவது அப்போதுதான். தொட்டியைக் கவனிப்பதும் மீனைக் காப்பதும் ஒரே வேலை என்று சொல்வது அதனால்தான்.

முள், நுனி உள்நோக்கி வளைந்த வட்டமுள்ளாக இருக்கட்டும், அந்த நுனி பக்கவாட்டில் சாயாமல் இருப்பது. விரல் மடவைக்கு 3/0 முதல் 5/0 அளவு வரை, 6 முதல் 8 அங்குல மடவைக்கு 6/0, 7/0. ஸ்னூக், ரெட் டிரம் போன்ற மீன்களுக்கு உயிரிரையோடு மூன்றுமுள் கொக்கி போடுவதை ஃப்ளோரிடா தடை செய்திருக்கிறது. இரையை மூக்குத் துளைகளின் குறுக்கே குத்தினால் நீரோட்டத்தில் நேராக நீந்தும். முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால் குத்தினால் மேலேயே தவிக்கும், பாரைக்கு அதுவே போதும். குதத் துடுப்பின் பின்னால் குத்தினால் இரை படகைவிட்டு விலகி, பாறை நிழலுக்குள் தானே போகும்.

மீன் இரையை எடுத்ததும் கம்பை மேலே வெட்டி இழுக்காதீர்கள். புதியவர்களுக்கு இது கடினமான பாடம், கை தானாகவே போகும். வட்டமுள் வாயின் ஓரத்தில் சுழன்று பதிய வேண்டும். வெட்டி இழுத்தால் பதியாமல் வெளியே வந்துவிடும். கம்பை மீன் பக்கம் தாழ்த்தி, நரம்பு இறுகட்டும் என்று காத்து, ரீலை மட்டும் சுற்றுங்கள். கம்பு வளைந்ததும் மீன் உங்களுடையது.

கருவியை மெலிதாக எடுத்துக்கொண்டு மீனோடு நெடுநேரம் விளையாடுவது பெருமை என்று ஒரு பேச்சு உண்டு. மடவை ஓட்டக் காலத்தில் அது தவறு என்றே சொல்வோம். ஸ்னூக்குக்கு 7 அல்லது 7.5 அடிக் கம்பு, 4000 அல்லது 5000 அளவு ரீல், 30 பவுண்டு பிரெய்ட் (பின்னிய) நரம்பு, அதன் நுனியில் 3 அடி நீளத்துக்கு 40 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர், அதாவது முள்ளை ஒட்டிக் கட்டும் தடித்த நரம்பு. ஸ்னூக்கின் செவுள் மூடி ஓரம் சவரக்கத்தி மாதிரி. மெல்லிய லீடர் அதில் பட்டால் அறும், விரலும் அறும். டார்ப்பனுக்கு 8000 ரீல், 65 பவுண்டு பிரெய்ட், 80 பவுண்டு லீடர். டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விடும் இறுக்கத்தை, கையால் குத்துமதிப்பாக வைக்காமல், நரம்பு நுனியில் வில் தராசை மாட்டி இழுத்துப் பாருங்கள். 30 பவுண்டு நரம்பில் 7, 8 பவுண்டு இழுவைக்கு ரீல் நரம்பு விட வேண்டும். அதற்குக் குறைவானால் சண்டை நீளும், கூடினால் முடிச்சு தெறிக்கும்.

மீன் ஓடும்போது கம்பைத் தலைக்குமேல் உயர்த்தினால் அதற்கு ஓய்வு கிடைக்கும். கம்பை நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்த்தி, மீன் போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் இழுத்தால் தலை திரும்பும், சீக்கிரம் தளரும். டார்ப்பன் துள்ளும்போது மட்டும் கம்பை முன்னே நீட்டி நரம்பைத் தொய்வாக்குங்கள். நங்கூரக் கயிற்றின் முனையில் மிதவை கட்டியிருந்தால் பெரிய மீன் மாட்டிய கணத்தில் கயிற்றைக் கழற்றிவிட்டு மீன் பின்னால் படகை ஓட்டலாம். டார்ப்பன் சண்டை 20 நிமிடத்தைத் தாண்டியும் படகு பக்கத்தில் வரவில்லையா? டிராக்கை இறுக்கி அறுத்துவிடுங்கள். சுறாத் துடுப்பு தெரிந்தால் 20 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், அறுத்துவிட்டு இடத்தை மாற்றுங்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்ப இரை போடுவது சுறாவுக்குச் சாப்பாடு பரிமாறுவது.

கையை நனைக்காமல் மீனைத் தொடாதீர்கள், துண்டால் பிடிக்கவே கூடாது. மேலிருக்கும் வழுவழுப்புதான் அதற்குத் தோல்மேல் தோல். பெரிய ஸ்னூக்கைத் தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் உடலின் எடை முழுதும் தாடை மூட்டில் விழும். ஒரு கை தாடையில், மறு கை வயிற்றின் கீழே, கிடைமட்டமாக. படத்துக்காகத் தூக்கும் ஆள் தன் மூச்சை அடக்கிக்கொள்ளட்டும். தனக்கு மூச்சு முட்டுமுன் மீன் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாமல் முள்ளுக்குப் பக்கத்திலேயே லீடரை வெட்டிவிடுங்கள். விடும்போது தலையை நீரோட்டத்துக்கு எதிரே காட்டி மெல்லப் பிடித்திருங்கள். முன்னும் பின்னும் ஆட்டுவது பழைய பழக்கம், பின்னால் இழுக்கும்போது செவுளில் தண்ணீர் தலைகீழாகப் போகிறது. கட்டை விரலை மீன் தானே கவ்வி, வாலை உதறினால் போகத் தயார்.

முகத்துவாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செபாஸ்டியன், ஃபோர்ட் பியர்ஸ், செயின்ட் லூசி, ஜூபிட்டர், எங்கே என்றாலும் வற்று நீர் (ஓதம் இறங்கும் நீர்) வெளியே பாயும்போதுதான் மடவை முகத்துவாரத்துக்குள்ளிருந்து கொட்டும், மீனும் அப்போதுதான் வெறியாகத் தின்னும். அதே நேரத்தில் வாடைக்காற்று எழுப்பிய அலை கடலிலிருந்து உள்ளே வரும். எதிரெதிராக மோதும் இடத்தில் அலையின் இடைவெளி சுருங்கி, முகம் செங்குத்தாக எழுந்து உடையும். உள்ளே அமைதியாக இருக்கும் படகு, முகத்துவாரத்துக்கு வெளியே வந்ததும் கவிழும் அபாயம் உண்டு. இந்த நேரத்தில் வெளியே போக வேண்டாம் என்று கேப்டன் சொன்னால் காசு வீணாகிறதே என்று வற்புறுத்தாதீர்கள். பாறைக்கரையின் உள்பக்க நிழலில் நின்றே நல்ல மீன் கிடைக்கும். 26 அடிக்குக் குறைந்த படகு ஓடும்போது 6 வயதுக்குட்பட்ட குழந்தை உயிர்காப்பு மேலங்கி அணிந்திருப்பது ஃப்ளோரிடா சட்டம். நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம், முன்பதிவு செய்யும்போதே ரத்து விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். சூடான உவர்நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி வாழ்கிறது. ஸ்னூக் செவுளோ கெளுத்தி முள்ளோ கிழித்தால் உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவமனைக்குப் போங்கள். கடல்நீரில் கிழித்த காயம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். கல்லீரல் நோயோ, எதிர்ப்பு சக்தி குறைவோ உள்ளவர்கள் ஆறாத புண்ணோடு தண்ணீரில் கால் வைக்கவே வேண்டாம். ஆழமில்லாத இடத்தில் இறங்கி நடப்பவர்கள் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தே நடந்தால் திருக்கை விலகிப் போகும்.

துறைக்குத் திரும்பும்போது தொட்டியில் குஞ்சுகள் மீந்திருக்கும். அவற்றைத் துறையில் கொட்டாதீர்கள், அங்கே காத்திருக்கும் கூழைக்கடாவுக்குக் கைநீட்டிக் கொடுக்கவும் வேண்டாம். பழகிய பறவை நாளைக்கு முள்ளோடு இரையை விழுங்கும். திரும்பும் வழியில், வலை வீசிய இடத்துக்குப் பக்கத்தில் படகை நிறுத்தி, கைவலையால் அள்ளி அவற்றின் கூட்டத்தோடு விட்டுவிடுங்கள்.