எலும்பில்லாத நாக்கு குலவை போடுவது எப்படி?

முளைப்பாரி எடுக்கும்போது எங்க அப்பத்தா விடாமல் குலவை போடுகிறார், எலும்பே இல்லாத நாக்கு எதைப் பிடித்துக்கொண்டு அந்த ஆட்டம் ஆடுகிறது என்று உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

நாக்கில் எட்டு வகைத் தசைகள். நான்கு வெளியே தாடை, தொண்டை எலும்பு போன்ற இடங்களில் தொடங்கி நாக்குக்குள் வருபவை. மற்ற நான்கும் உள்ளேயே தொடங்கி உள்ளேயே முடிபவை. சரி, தசை சுருங்கி இழுக்க ஒரு பிடிமானம் வேண்டுமே?

இதில்தான் எனக்குப் பிடித்த சங்கதி இருக்கிறது. நாக்கின் நட்டநடுவே, நுனிப்பக்கத்திலிருந்து அடிவரை, ஒரு நார்த்தடுப்பு நிற்கிறது. கண்ணாடி முன் நாக்கை நீட்டினால் நடுவில் ஒரு கோடு தெரியுமே, அதற்கு நேர் கீழே. பின்னால் அது தொண்டை எலும்போடு சேர்கிறது. அந்த எலும்போ வேறெந்த எலும்போடும் மூட்டுச் சேராமல் தசையிலும் நாரிலும் தொங்குகிற விசித்திரப் பிறவி! குறுக்குத் தசைகள் இந்தத் தடுப்பிலிருந்து கிளம்பி இரண்டு ஓரங்களுக்கும் போகின்றன. நாக்கின் மேற்தோலுக்கு அடியிலும் கெட்டியான நார்ப்படலம் ஒன்று உண்டு, அதுவும் தசைகளுக்குப் பிடி. இரண்டிலும் இருப்பது லேசில் நீளாத கொலாஜன் என்ற நார்ப் புரதம்.

இப்போது குலவைக்கு வருவோம். தண்ணீர் நிரப்பிய பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் பிதுங்கும். தசையிலும் பெரும்பகுதி தண்ணீர்தான், அதனால் நாக்கு எப்படி நெளிந்தாலும் கன அளவு மாறாது. இடப்பக்க நீளவாட்டுத் தசை மட்டும் சுருங்கினால் அந்தப் பக்கம் குட்டையாகிப் பருக்கப் பார்க்கும், அதே நேரம் குறுக்குத் தசைகள் பருக்க விடாமல் இறுக்கிப் பிடிக்க, வேறு வழியில்லாமல் நாக்கு இடப்பக்கம் வளைகிறது. உடனே வலப்பக்கம். யானைத் தும்பிக்கையும் ஆக்டோபஸ் கையும் இதே வித்தையில்தான் இயங்குகின்றன என்று கியர், ஸ்மித் என்ற இரண்டு உயிரியல் ஆய்வாளர்கள் 1985இல் விளக்கினார்கள். மற்றபடி அப்பத்தாவின் வேகம் பழக்கத்தில் வருவது, நாக்கு எல்லோருக்கும் இதே அமைப்புதான்.

அப்புறம், பிள்ளைக்குப் பேச்சு தாமதமானால் நம் பக்கம் வசம்பை உரசித் தடவுவார்கள், இல்லையென்றால் அடிநாக்கு ஜவ்வை வெட்டச் சொல்வார்கள். வசம்பு பேச்சைக் கொண்டுவராது. பால் குடிக்கவே சிரமப்படும் குழந்தைக்கு டாக்டர் பார்த்து வெட்டச் சொன்னால் அது வேறு விஷயம். அந்த ஜவ்வு தனிக் கயிறு இல்லை, வாயின் அடிப்படலமே நாக்கைத் தூக்கும்போது மடிப்பாக எழும்புகிறது என்பதை நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2019இல்தான் காட்டினார்கள். அதுவும் இறந்தவர்களின் உடலைப் பொறுமையாக அறுத்துப் பார்த்து. இந்த மாதிரி ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்கச் சொன்னால் மட்டும், உடற்கூறில் இனிமேல் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.