மாஸிவ்: கியோட்டோ சகோதரர்களின் பெயரில் நிற்கும் சொல்

ஷூயா ஒகினோ, யோஷிஹிரோ ஒகினோ என்னும் உடன்பிறந்த இருவர் மின்னிசையையும் சோல் ஜாஸையும் கலந்து நடத்திவரும் ஜப்பானிய இசைக்குழுவின் பெயர் கியோட்டோ ஜாஸ் மாஸிவ். இதில் முதல் இரண்டு சொற்களில் சிக்கல் இல்லை. ஒன்று ஊர்ப்பெயர், மற்றொன்று இசைவகை. மூன்றாம் சொல்லுக்கு ஆங்கில–தமிழ் அகராதியைப் புரட்டினால் ‘மிகப்பெரிய’, ‘பாரிய’, ‘பிரம்மாண்டமான’ என்றே கிடைக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் இரண்டே பேர் கொண்ட ஒரு குழு தன்னைத்தானே ‘பிரம்மாண்டம்’ என்று அழைத்துக்கொள்வதாகப் பொருள் வந்துவிடும். உண்மையில் இப்பெயரில் தற்பெருமை ஏதுமில்லை. ஆங்கிலத்தில் பெயரடை பெயருக்கு முன்னால் வருவதே வழக்கமாயிருக்க, இங்கே மாஸிவ் கடைசியில் நிற்பதைக் கவனித்தாலே அது பெயர்ச்சொல்லாக ஆளப்பட்டிருப்பது விளங்கும். ஓர் ஊரையோ ஓர் ஆர்வத்தையோ சார்ந்து ஒன்றுகூடிய கூட்டத்தார் என்பதே இங்கு அதன் பொருள்.

சொல்லின் வேர் சமையலறையில் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘மாஸா’ என்பது பிசைந்து செய்த வாற்கோதுமை அப்பத்தைக் குறித்தது. இலத்தீனில் அது ‘மஸ்ஸா’ ஆகிப் பிசைந்த மாவு, கட்டி, பிண்டம் என்று விரிந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கட்டியான, கனத்த, பருத்த என்னும் பொருள்களைப் பெற்றது.

அதைக் கூட்டத்துக்குரிய பெயராக்கியவர்கள் ஜமைக்கா மக்கள். கிங்ஸ்டன் நகரில் ஆளுயர ஒலிபெருக்கிகளைத் தெருவில் அடுக்கி, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, இரவெல்லாம் ஆடும் சவுண்ட் சிஸ்டம் வழக்கம் 1950களில் வேரூன்றியது. ஒலிவாங்கியைப் பிடித்தவர், ஆட வந்திருக்கும் சனத்தை ஊர்ப்பெயரோ பேட்டைப்பெயரோ சேர்த்து, இன்ன இடத்து மாஸிவ் என்று விளித்து வாழ்த்துவார். பாட்டை இசைப்பவரையும் கேட்பவரையும் பிரிக்காமல் ஒரே சொல்லுக்குள் கொண்டுவரும் விளி அது. இச்சொல்லின் அழகே அதில்தான் இருப்பதாக நான் கருதுகிறேன். ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்தோர் அந்த ஒலிபெருக்கிகளோடு சொல்லையும் பிரிட்டனுக்குக் கொண்டுசென்றனர். 1990களின் தொடக்கத்தில் லண்டன் நடனக்கூடங்களில் அது அன்றாட வழக்காகியிருந்தது.

அந்த லண்டனைச் சேர்ந்த ஜைல்ஸ் பீட்டர்சன், பழைய ஜாஸ் தட்டுகளை நடனக்கூடத்துக்குக் கொண்டுவந்த வானொலி அறிவிப்பாளரும் டீஜேயும் ஆவார். ஒகினோ சகோதரர்களுக்கு இப்பெயரைச் சூட்டியவர் அவரே. இவ்வாறு கிங்ஸ்டன் தெருவின் சொல் லண்டன் வழியாகக் கியோட்டோவை அடைந்தது. 1994இல் இப்பெயரையே தலைப்பாகக் கொண்ட தொகுப்பு வெளிவந்தது. 2002இல் மியூனிக் நகரின் காம்போஸ்ட் நிறுவனம் அவர்களுடைய ‘ஸ்பிரிட் ஆஃப் த சன்’ என்னும் முதல் முழு ஆல்பத்தை வெளியிட்டது. அடுத்த முழு ஆல்பமான ‘மெசேஜ் ஃப்ரம் எ நியூ டான்’ 2021இல்தான் வந்தது. பத்தொன்பது ஆண்டு இடைவெளி என்பது ஒரு பாடகருக்கு நீண்ட மௌனமாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஆண்டுகளில் அண்ணன் ஷூயா டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் ‘த ரூம்’ என்னும் சிறு கூடத்தை நடத்திவந்தார். தம்பி யோஷிஹிரோ ஒசாகாவில் ‘எஸ்பெஷல் ரெக்கார்ட்ஸ்’ என்னும் பெயரில் இசைத்தட்டுக் கடையும் வெளியீட்டகமும் கண்டார். ஆல்பங்களில் வனெஸ்ஸா ஃப்ரீமன் போன்ற லண்டன் குரல்கள் ஒலிக்கின்றன. தட்டு தேடி வருபவர், ஆட வருபவர், பாட வருபவர் ஆகிய எல்லாரையும் சேர்த்தே அவர்களுடைய தொழில் நடந்திருப்பதால், மாஸிவ் என்னும் சொல் இவர்களுக்கு மிகவும் பொருந்துகிறது. இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. வாத்தியங்களை நேரடியாக வாசிக்கும் ஒரு குழுவை ஷூயா பின்னர் அமைத்தபோது அதற்குக் ‘கியோட்டோ ஜாஸ் செக்ஸ்டெட்’ என்று பெயரிட்டார். செக்ஸ்டெட் என்றால் அறுவர். அது ஆள்கணக்குச் சொல். மாஸிவ் என்பதில் தலையெண்ணும் வேலை இல்லை.

தமிழ்ப் பேச்சில் இதே வேரிலிருந்து ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது. திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போது ‘மாஸ்’ என்கிறோம். ஆங்கிலத்தில் மக்கள் திரளைக் குறித்த பெயர்ச்சொல்லை நாம் ‘மாஸ் படம்’, ‘மாஸா இருக்கு’ என்று பண்பைக் குறிக்கும் சொல்லாக மாற்றிக்கொண்டோம். ஜமைக்காவினர் பண்பைக் குறித்த சொல்லை மக்கள் திரளுக்குப் பெயராக்கினர். பாதை நேரெதிர், இரண்டுமே ஆங்கில இலக்கணத்துக்குக் கட்டுப்படாமல் மக்கள் வாயில் உருவானவை.

தமிழில் நேர்ச்சொல் தேடும்போது முதலில் ‘திரள்’ நினைவுக்கு வருகிறது. உருட்டிய சோற்றுக் கவளம் திரளை. தயிரைக் கடைய வெண்ணெய் திரள்கிறது. ஊர் கூடினால் மக்கள் திரள். பிசைந்த மாவிலிருந்து மானுடக் கூட்டம் வரை இலத்தீன் வேர் நடந்த தொலைவு முழுவதையும் இந்த ஒரு சொல் தன்னுள் வைத்திருக்கிறது. ஆயினும் திரளில் முகம் தெரியாது. மாஸிவ் என்னும் விளியில் உள்ள உரிமையும் நெருக்கமும் அதற்கு இல்லை. அந்த நெருக்கம் ‘ஜமா’ என்பதில் நிறையவே உண்டு. தெருக்கூத்துக் குழுவையும் ஜமா என்கிறோம், கூடிக் கதைக்கும் நண்பர்களையும் ஜமா என்கிறோம். அரபு வேரில் கூடுதல் என்று பொருள்படும் இச்சொல், பேச்சு நடையில் மொழிபெயர்ப்போருக்கு மிகச் சரியானது. எழுத்து நடைக்குக் ‘குழாம்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். அடியார் குழாம் என்னும் பழைய வழக்கில், ஒரே அன்பினால் கூடியவர்கள் என்னும் பொருள் தெளிவாக இருக்கிறது. பாடுபவருக்கும் கேட்பவருக்கும் அதில் இடமுண்டு.

குழுவின் பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. சொல் பொதுப்பெயராக வரும் இடங்களில் மட்டும் குழாம் என்று எழுதலாம். மாஸிவ் ஆட்களைக் குறிப்பதால், ‘கியோட்டோ ஜாஸ் மாஸிவ் இசைத்தது’ என்று அஃறிணையில் முடிக்காமல் ‘இசைத்தனர்’ என்று பலர்பாலில் முடிப்பதே முறை.