கிளைடர் மிதக்குமா?

அல்பட்ராஸ் பற்றிய ஓர் ஆவணப்படம். தமிழ்க் குரல் சொன்னது: "இப்பறவை பெருங்கடலில் பல நூறு கிலோமீட்டர் மிதந்தே செல்கிறது." பக்கத்தில் இருந்த அக்கா மகன் கேட்டான்: "வாத்து மாதிரியா மாமா?" அவன் மேல் தப்பே இல்லை. கடலைக் காட்டிவிட்டு 'மிதக்கிறது' என்றால் யாருக்கும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும்.

ஆங்கிலத்தில் கிளைடிங் வேறு, சோரிங் வேறு. முன்னது வழுக்கிச் செல்வது. பின்னது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது; அதன் அடியில் இருப்பது காற்றைக் குறிக்கும் 'ஆரா' என்ற லத்தீன் சொல். கிளைடிங்கில் உயரம் செலவாகிக்கொண்டே போகும். சோரிங்கில் காற்றிடமே ஆற்றலை வாங்கி உயரத்தைக் காப்பாற்றலாம், கூட்டவும் செய்யலாம். நம் மொழிபெயர்ப்பாளர்களோ இரண்டுக்கும் 'மிதத்தல்' என்று எழுதிவிடுகிறார்கள். எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர் 'மிதவை விமானம்' ஆகிவிடுகிறது.

மிதவை என்றால் என்ன? வலையில் கட்டுவது, தூண்டிலில் ஆடுவது. மிதவை விமானம் என்றதும் அடியில் மிதவை கட்டிக்கொண்டு நீரில் இறங்கும் விமானம்தானே தோன்றுகிறது? பலூன் மிதக்கிறது, சரி. மொத்தத்தில் அது சுற்றியுள்ள காற்றைவிட லேசு. கிளைடர் அப்படியில்லை. இறக்கை மேல் காற்று ஓடும்வரைதான் அதற்கு வானம்.

2001 ஆகஸ்டில் அட்லாண்டிக் மேல் எரிபொருள் கசிந்து, இரண்டு எஞ்சின்களும் நின்றுபோன ஓர் ஏர்பஸ் ஏ330, ஏறத்தாழ 120 கி.மீ. வந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. அது சறுக்கல், அதாவது கிளைடிங். நல்ல கிளைடர் 1 கி.மீ. உயரத்திலிருந்து 50 கி.மீ. சறுக்கும், அப்புறம் கடல்தான்.

அல்பட்ராஸ் செய்வது வேறு. கடலை உரசும் காற்று மெதுவாகவும், மேலே போகப்போக வேகமாகவும் வீசும். பறவை எதிர்காற்றில் ஏறி, மேலே திரும்பி, காற்றோடு இறங்கி, அலைக்குச் சற்று மேலே மறுபடி திரும்புகிறது. இந்த வேக வித்தியாசம்தான் அதன் எரிபொருள். காற்று எங்கும் ஒரே சீராகக் கிடைமட்டமாக வீசினால், சிறகடிக்காத பறவை நீடிக்க முடியாது என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு 1883லேயே எழுதிவிட்டார். 1974ல் இங்கோ ரென்னர் என்ற கிளைடர் விமானி ஆஸ்திரேலியாவில் கிளைடரிலேயே இதைச் செய்து காட்டினார், தரைக்கு மேல். கடல் மேல் சிக்கல் என்னவென்றால், அந்த வித்தியாசம் அலைக்கு மேல் சில மீட்டருக்குள்தான் அதிகம். அல்பட்ராஸின் இறக்கை விரிப்பே 3.5 மீட்டர் வரைதான். கிளைடரின் 15 மீட்டர் இறக்கையைச் சாய்த்துத் திருப்பினால் நுனி தண்ணீரில் கோடு கிழிக்கும்.

காற்றின் வேக வித்தியாசத்தில் பறக்கும் இந்த உத்திக்கு ஆங்கிலத்தில் டைனமிக் சோரிங் என்று பெயர். அதை 'இயங்கு மிதப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். இயங்காத மிதப்பு எது, கட்டையா? ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே அகராதியின் முதல் பொருளை நட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பறவையை ஒருதரம் பார்த்திருந்தால் இந்தச் சொல் வந்திருக்காது.

கிளைடிங்குக்குச் 'சறுக்குப் பறத்தல்' போதும். சறுக்கல் என்றால் தோல்வி என்பார்கள். சறுக்குமரத்தில் ஏறும் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லட்டும். சோரிங்குக்கு என் தமிழாசிரியர் நண்பர் 'வளியாளல்' என்றார். புறநானூறு 66ல் 'வளிதொழில் ஆண்ட உரவோன்' வருகிறதே, கடலில் காற்றை ஏவல் கொண்டவன். அழகுதான். ஆனால் கூடவே ஓர் உரையாசிரியரையும் அனுப்ப வேண்டியிருக்கும். நான் 'காற்றேறிப் பறத்தல்' என்கிறேன். டைனமிக் சோரிங்குக்கு 'அடுக்குக் காற்றேறல்'. வேகம் மாறும் காற்றடுக்குகள் அதில் கண்ணுக்குத் தெரிகின்றன.

அக்கா மகனிடம், "அது மிதக்கல, காத்தேறிப் பறக்குது" என்றேன்.

"பஞ்சர் கடையில ஏத்துற மாதிரியா மாமா?"