ஷ்ரெட்டர் நின்றுவிட்டது என்று யார் சொன்னது?

பிளாஸ்டிக் அரைக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் ஷ்ரெட்டருக்குள் தெரிந்தே கையை விடும் ஆளை நான் பார்த்ததில்லை. அதன் இரைச்சலே ஆளை எட்ட நிறுத்திவிடும். நான் பயப்படுவதெல்லாம் அது நின்ற பிறகு வரும் நேரத்துக்குத்தான். சிக்கலை எடுக்க, சல்லடையைக் கழற்ற, பிளேடு மாற்ற என்று கை உள்ளே போவது அப்போதுதான்.

பிளாஸ்டிக்கை வேகமாகச் சுற்றிச் சிறு துண்டுகளாக வெட்டும் கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப் பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நிற்கும்; பிளேடு பொருத்திய உருளை, அதாவது ரோட்டர், நிற்காது. அவ்வளவு கனமான இரும்பு, சிலவற்றில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரமும் சேர்ந்து, பிடித்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பெரிய இயந்திரங்களில் முழுதாக நிற்கச் சில நிமிடங்கள்கூட ஆகும். மோட்டார் சத்தம் அடங்கியதும் நின்றுவிட்டது போலத் தோன்றும், காதை நம்பாதீர்கள். 40 செ.மீ. விட்டமுள்ள ரோட்டர் நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றினால், பிளேடின் முனை விநாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் பாய்கிறது. மூன்று வரிசை பிளேடு என்றால் விநாடிக்கு 25 வெட்டு. ஏதோ பட்டது என்று உணர்ந்து கையை இழுக்கவே கால் விநாடி போய்விடும். அதற்குள் ஆறு வெட்டு விழுந்திருக்கும்.

பற்கள் உள்ள இரண்டு தண்டுகள் சுற்றும் இரட்டைத் தண்டு ஷ்ரெட்டர் மெதுவாகச் சுற்றுவதால் பலருக்கும் அதன்மேல் பயம் விட்டுப்போகிறது. அதன் வேகத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 செ.மீ. விட்டம், நிமிடத்துக்கு 20 சுற்று: பற்கள் விநாடிக்கு முப்பது செ.மீ.க்குச் சற்று அதிகமாக நகர்கின்றன. விரல் நுனியில் கவ்வினால் முழங்கை உள்ளே போக ஒன்றரை விநாடி போதும். தடித்த டிரம்மையே நசுக்கி இழுக்கும் முறுக்குவிசைக்கு மனிதக் கை ஒரு தடையே இல்லை. கூச்சல் போட்டு, இன்னொருவர் ஓடிவந்து எமர்ஜென்சி பட்டனை அடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இந்த வகை இயந்திரங்களில் இன்னொரு சங்கதியும் உண்டு. சுமை ஏறிச் சிக்கிக்கொண்டால் கண்ட்ரோல் பேனல் தானாகவே தண்டை நிறுத்தி, பின்னோக்கிச் சுற்றி, மறுபடி முன்னோக்கி ஓடவிடும். அந்த நடுவில் தண்டு அசையாமல் இருக்கும் சில விநாடிகளைப் பார்த்துவிட்டு, சரி, நின்றுவிட்டது என்று கம்பியோடு குனிபவர்கள் உண்டு. அது நிற்கவில்லை, அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது.

ஆகவே சிக்கலை எடுக்கும்போது எமர்ஜென்சி பட்டனை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஆபத்து நேரத்தில் ஓடும் இயந்திரத்தை நிறுத்துவதற்குத்தான் அந்தப் பட்டன். மெயின் ஐசோலேட்டரை, அதாவது இயந்திரத்துக்கு வரும் மின்சாரத்தையே துண்டிக்கும் ஸ்விட்சை, ஆஃப் செய்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. சாவியை மேற்பார்வையாளரிடம் கொடுத்து வைப்பது பூட்டியதாகாது. அதன் பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். தவறான ஐசோலேட்டரைப் பூட்டியிருந்தால் அது அப்போது தெரிய வேண்டும், கை உள்ளே இருக்கும்போது அல்ல. அமெரிக்காவில் 1989-லேயே இந்தப் பூட்டும் முறையைத் தனி விதியாகக் கொண்டுவந்துவிட்டார்கள். புதிய யோசனை இல்லை இது; பத்து நிமிடம் உற்பத்தி போகிறதே என்று தள்ளிப்போடப்படுகிறது, அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்காக ஒரு தொழிலாளியின் கையைப் பணயம் வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மின்சாரத்தைப் பூட்டினாலும் விசை உள்ளேயே மிச்சம் இருக்கும். சரக்கை ரோட்டரை நோக்கித் தள்ளும் ஹைட்ராலிக் புஷரை முழுதாகப் பின்னால் இழுத்து, அழுத்தத்தை இறக்கி, கேஜில் பூஜ்யம் பார்க்க வேண்டும். இறுகிச் சிக்கிய கட்டி தண்டை முறுக்கியே வைத்திருக்கும். அதைப் பெயர்த்தெடுத்த கணத்தில் ரோட்டர் துள்ளும். அதனால் எடுப்பதற்குக் கொக்கியோ நீளக் கம்பியோதான், விரல் வேண்டாம். ரோட்டரைக் கையால் திருப்ப பெல்ட்டைப் பிடித்து இழுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் விரல் போய்விடும்.

பிளேடு மாற்றுவது தனி வேலை. ஒரு பிளேடைக் கழற்றியதும் ரோட்டரின் ஒரு பக்கம் எடை குறைகிறது. எடை அதிகமுள்ள பக்கம் கீழே இறங்க, மின்சாரமே இல்லாமல் ரோட்டர் தானாகச் சுழலும், மற்ற பிளேடுகளோடு. ரோட்டரை அசையவிடாத லாக் பின் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் கெட்டியான மரக்கட்டையை முட்டுக் கொடுத்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். போல்ட் இறுகியிருக்கும், ஸ்பேனர் சட்டென்று வழுக்கும். வழுக்கினால் கைமுட்டி எங்கே போய் இடிக்கும் என்று முன்கூட்டியே பாருங்கள். பிளேடின் விளிம்பு அந்தத் திசையில் இருந்தால் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். வெட்டுத் தாங்கும் கையுறை இந்த வேலைக்குக் கட்டாயம். அதே கையுறையோடு ஓடும் இயந்திரத்தின் வாய்க்கு அருகே போகக் கூடாது. பல் கையுறையைப் பிடித்தால் கையோடுதான் இழுக்கும். தளர்ந்த சட்டைக்கும் கழுத்துத் துண்டுக்கும் இதே கதைதான்.

மூடியில் உள்ள இன்டர்லாக்கை, அதாவது மூடி திறந்திருந்தால் இயந்திரத்தை ஓடவிடாத ஸ்விட்சை, காந்தம் வைத்தோ ஒயரைச் சுற்றியோ ஏமாற்றியிருக்கிறார்களா என்று வாரம் ஒருமுறையாவது பாருங்கள். கிரைண்டருக்கு, திறந்தால் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச் மட்டும் போதாது; ரோட்டர் முழுதும் நிற்கும்வரை மூடியைத் திறக்கவே விடாத வகை வேண்டும். நீளக் குழாயைப் போட வசதி என்று, சரக்கைப் போடும் ஹாப்பரின் கழுத்தை வெட்டிக் குட்டையாக்கியிருந்தால், அந்த இயந்திரத்தை ஓட்டாதீர்கள். தோள்வரை கை நுழையும் திறப்பு, அதாவது 40 முதல் 120 மி.மீ. வரையிலானது, பிளேடிலிருந்து குறைந்தது 850 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்கிறது பாதுகாப்பு இடைவெளிக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 13857. ஹாப்பர் வாயோ அதைவிடப் பெரியது; அதன் கழுத்தைக் குட்டையாக்குவது இன்னும் ஆபத்து.

ஃபிலிம், நார், வலை போன்றவற்றைப் போடும்போது முனையைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மறுமுனையைத் தண்டு இழுத்துவிட்டால் உதற நேரம் இருக்காது. சரக்கில் லித்தியம் பேட்டரியோ ஸ்ப்ரே கேனோ கலந்து வந்தால் உள்ளே தீப்பிடிக்கலாம். பிரித்தெடுக்கும் மேசையில் அதற்கென்றே ஒருவர் இருக்கட்டும். காதுக் கவசமும் கண்ணாடியும் போடுவது பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

ஷிப்ட் மாறும்போது வேலை பாதியில் இருந்தால், வரும் ஆள் தன் பூட்டைப் போட்ட பிறகே போகும் ஆள் தன் பூட்டை எடுக்க வேண்டும். எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது, எந்தக் கட்டை எங்கே முட்டுக் கொடுத்திருக்கிறது என்பதை இருவரும் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று, காட்டிப் பேசிக்கொள்ளுங்கள்.