எட்டுக் கிழமை சோறில்லை: குரோன் நோயை அடக்கும் ஊட்டப்பானம்

குடலில் நீண்டகால அழற்சியும் புண்ணும் வரும் குரோன் நோய் உள்ள பிள்ளைக்கு ஆறிலிருந்து எட்டுக் கிழமை வரை சோறு, புட்டு, பிஸ்கட் எதுவும் கிடையாது. முழுச்சத்தும் அடங்கிய மருத்துவ ஊட்டப்பானமும் தண்ணீரும் மட்டும். மெலிந்த பிள்ளையைப் பட்டினி போடுகிறார்களே என்று அம்மம்மாமார் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அந்தப் பிள்ளை நோயோடு சாப்பிட்டதைவிட இப்போதுதான் கூடுதலான சத்தைப் பெறுகிறது.

மிதமான குரோன் நோய்க்கு ஐரோப்பியச் சிறுவர் மருத்துவ வழிகாட்டல்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஸ்டீரொய்ட் மாத்திரையும் வயிற்றுக்குத்தை அடக்கும். குடலின் உட்சுவர்ப் புண் ஆறுவதில் பானம் முந்துகிறது, வளர்ச்சியையும் மறிக்காது. பெருங்குடலில் மட்டும் புண் வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு இது உதவாது. எங்கள் நாடுகளில் குடற்காசநோயும் குரோனைப்போலவே தோற்றம் காட்டும். ஆகவே கமராக் குழாய்ப் பரிசோதனையும் திசுப் பரிசோதனையும் முதலில் முடிய வேண்டும்.

பானம் மட்டும் உள்ளே போகும்போது குடற் பக்டீரியாக்களின் கலவை மாறுகிறது, அழற்சி தணிகிறது. புரதம் முழுதாக உள்ள பானமும் உடைத்த புரதமுள்ள பானமும் ஏறத்தாழ ஒரே பலன் தருகின்றன. பாதிப் பானம், பாதிச் சாப்பாடு என்றால் கதை வேறு. 2006இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் 50 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். பானம் மட்டும் குடித்தவர்களில் 42 வீதமானோருக்கு நோய் அடங்கியது. விரும்பியதைச் சாப்பிட்டுக்கொண்டு பாதிப் பானம் குடித்தவர்களில் 15 வீதமானோருக்கே அடங்கியது.

25 கிலோ நிறையுள்ள பத்து வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 1,800 கிலோ கலோரி என்று வைத்தியர் கணித்தார் என வைப்போம். மில்லிலீட்டருக்கு ஒரு கிலோ கலோரி தரும் பானம் என்றால் 1,800 மி.லீ.: காலை 6 மணியிலிருந்து இரவு 8 மணி வரை, இரண்டு மணிக்கொரு தடவை 225 மி.லீ., மொத்தம் எட்டுக் கோப்பை. முதல் நாள் 600, மறுநாள் 1,200, மூன்றாம் நாள் முழு அளவு. மிகவும் மெலிந்த பிள்ளைக்கு இந்த வேகம் ஆபத்து; இரத்தத்தில் பொஸ்பேற் சட்டென்று இறங்கி இதயத்தைத் தாக்கலாம். அவர்கள் வார்ட்டில் தங்கி, இன்னும் மெதுவாகத் தொடங்க வேண்டும்.

இந்தக் கணக்கில் பானம் கரைக்கும் மா நாளுக்கு ஏறக்குறைய 400 கிராம் முடியும். சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். விலை தாங்காமல் ஒரு கரண்டியைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டுவார்கள். நிறை ஏறாது, சிகிச்சை தோற்றதாக நினைப்பார்கள். மாவைக் கூட்டிக் கரைத்தாலோ அதன் செறிவு குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றோட்டம் தரும். அதை நோய் திரும்பியதாக எண்ணுவார்கள். கரண்டியை மட்டமாக வழித்து, ரின்னில் எழுதிய அளவுத் தண்ணீரில் கரையுங்கள். காசு போதாவிட்டால் அதைக் கிளினிக்கில் சொல்வதில் வெட்கமில்லை. திரிபோஷா, சத்துமா, சாதாரண பால்மா எதுவும் இதற்கு ஈடாகாது.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டே கரைக்க வேண்டும். வன்னி வெயிலில் கரைத்த பானம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் இருக்கக்கூடாது. பாடசாலைக்கு உலர்ந்த போத்தலில் அளந்த மாவையும் வேறு போத்தலில் தண்ணீரையும் கொடுத்துவிட்டால், இடைவேளையில் கலக்கிக் குடிக்கலாம். குளிரவைத்தால் மணம் குறையும். குடிக்கவே முடியாத பிள்ளைக்கு மூக்குவழிக் குழாய் இருக்கிறது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் யாராவது ஒரு வாய் புக்கை ஊட்டிவிட்டால் எல்லாம் பாழாகிவிடாது. தினமும் ஒளித்துக் கொடுக்கும் பிஸ்கட்தான் கெடுக்கும். இரண்டு கிழமையில் முன்னேற்றமே இல்லையென்றால் வைத்தியர் வேறு வழி பார்ப்பார். நிறை, இரத்தத்தில் சீ.ஆர்.பி., மலத்தில் கல்புரொடெக்டின் என்ற அழற்சியைக் காட்டும் புரதங்கள் ஆகியவற்றை வைத்துத்தான் அதை முடிவு செய்வார்.

காலம் முடிந்ததும் இரண்டு மூன்று கிழமையில் பானத்தைக் கோப்பை கோப்பையாகக் குறைத்து, சோறு, முட்டை, மீன் என்று திருப்பிக் கொடுக்கலாம். பானம் நோயை அடக்குமே தவிர, அடங்கியதைப் பிடித்து வைத்திருக்காது. அதற்கென வைத்தியர் எழுதிய அசதியோபிரின் போன்ற மருந்தை, பிள்ளை தேறிவிட்டதென்று நிறுத்தினால் புண் திரும்ப வரலாம்.